12450 எப்படி 1245 ஆனது: சீரியல் போர்ட்டில் இன்டரப்ட்டும் போலிங்கும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிக்கிறவர்களுக்கும் புரியட்டும். லாரி எடை மேடை ஒன்றின் இன்டிகேட்டரிலிருந்து (எடையைக் காட்டுகிற பெட்டி) 9600 பாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 9600 பிட், சீரியல் கேபிள் வழியாக எடை வந்துகொண்டே இருக்கிறது. அதைப் படிக்க நீங்கள் பைத்தானில் ஒரு நிரல் எழுதியிருக்கிறீர்கள். நிரலை ஓடவிட்டால் சிபியுவின் ஒரு கோர் முழுக்க அதற்கே போய்விடுகிறது. போதாததற்கு, 12450 கிலோ என்று வர வேண்டிய எடை அவ்வப்போது 1245 என்றோ 124 என்றோ திரையில் வந்து நிற்கிறது. "நீ போலிங் முறையில் படிக்கிறாய், அதனால்தான் சிபியுவும் வீணாகிறது, எழுத்தும் தொலைகிறது, இன்டரப்ட் முறைக்கு மாறு" என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். (எழுத்து வந்ததா என்று திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது போலிங், வந்ததும் சிப்பே சிபியுவைக் கூப்பிடுவது இன்டரப்ட்.) அப்படி மாற்ற எந்த வரியை எழுத வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

அப்படி ஒரு வரி இல்லை. ஏனென்றால் உங்கள் சீரியல் போர்ட் ஏற்கனவே, நீங்கள் எதுவும் சொல்லாமலே, இன்டரப்ட் முறையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. போலிங் செய்வது உங்கள் நிரல் மட்டும். இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன: சிபியு ஏன் வீணாகிறது, இலக்கம் ஏன் காணாமல் போகிறது. நண்பர் இரண்டுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டார். முதலாவதில் அவர் சொன்னது சரி. இரண்டாவதில் சரியில்லை என்றே நினைக்கிறேன். இருபது வருடத்துக்கும் மேலாக எடைக் கருவி, பார்கோடு ஸ்கேனர், பிஎல்சி (ஆலை இயந்திரங்களை இயக்குகிற கன்ட்ரோலர்) என்று கம்ப்யூட்டரோடு கேபிளில் பேசுகிற சாமான்களுக்கு டிரைவரும் நிரலும் எழுதித்தான் பிழைக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் மெஷினை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எது உறுதி, எது என் ஊகம் என்று ஆங்காங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. இதைப் போடாமல் போலிங்கா இன்டரப்ட்டா என்று வாதாடுவது வீண். 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழை கண்டுபிடிக்க வைக்கிற கூடுதல் பிட்) கிடையாது, எழுத்தின் முடிவைக் காட்ட ஒரு ஸ்டாப் பிட் என்றால், தொடக்கத்தைக் காட்டுகிற ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஒரு எழுத்துக்கு 10 பிட். 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 எழுத்து வரும். ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 1.04 மில்லிநொடி. 115200 பாட் என்றால் நொடிக்கு 11520 எழுத்து, நடுவே 87 மைக்ரோநொடி. 3 கிகாஹெர்ட்ஸ் சிபியு ஒன்றுக்கு ஒரு மில்லிநொடி என்பது 30 லட்சம் துடிப்பு. உங்கள் இன்டிகேட்டர் ஓர் எழுத்தை அனுப்பி முடிப்பதற்குள் சிபியு ஊரைச் சுற்றிவிட்டு வரலாம். எனவே வேகம் போதாமல் எழுத்து தொலைகிறது என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்படுங்கள். தொலையத்தான் செய்யும், ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம் இல்லை. சரியான நேரத்தில் சிபியு வேறு எங்கோ மாட்டிக்கொண்டிருப்பதுதான்.

இனி சிப்புக்குள் போவோம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் சீரியல் போர்ட்டில் இருந்தது நேஷனல் செமிகண்டக்டரின் 8250. இந்த வகைச் சிப்புக்குப் பொதுப் பெயர் யூஆர்ட். கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக வருகிற பிட்டுகளைச் சேர்த்து ஒரு பைட்டாக்கித் தருவது அதன் வேலை. 8250-இல் அப்படிச் சேர்ந்த பைட்டை வைத்துக்கொள்ள ஒரே ஓர் இடம்தான் உண்டு. அதை எடுப்பதற்குள் அடுத்த பைட் முழுதாக வந்து சேர்ந்துவிட்டால், பழையதன் மேலேயே அது உட்கார்ந்துவிடும். இதற்கு ஓவர்ரன் என்று பெயர். சிப் இதை மறைப்பதில்லை. லைன் ஸ்டேட்டஸ் என்ற ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கிற சின்னப் பதிவிடம்) 0ஆம் பிட் "பைட் வந்திருக்கிறது" என்று சொல்லும், 1ஆம் பிட் "ஒன்று போய்விட்டது" என்று சொல்லும். 3ஆம் பிட் ஃபிரேமிங் பிழை, அதாவது ஸ்டாப் பிட் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை என்று பொருள். இந்த 1-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குப் பின்னால் வேண்டியிருக்கும்.

குழாயடியில் நின்றவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும், எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது. குழாயடியில் ஒரே ஒரு குடத்தை வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவது போலிங். பக்கத்து வீட்டு அக்கா "தண்ணி வந்துருச்சு" என்று குரல் கொடுப்பது இன்டரப்ட். இரண்டு முறையிலும் குடம் ஒன்றுதான். குரல் கேட்ட பிறகும் அடுப்பில் பால் பொங்குகிறது என்று நின்றுவிட்டால் தண்ணீர் வழிந்துதான் ஓடும். இன்டரப்ட் வைத்தால் எழுத்து தொலையாது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பிசியில் போலிங் என்றால் நடைமுறையில் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் 0ஆம் பிட்டை ஒரு சுற்றில் வைத்துப் படித்துக்கொண்டே இருப்பது. பிசியைத் தொடங்கிவைக்கிற அடிப்படை மென்பொருளான பழைய பயாஸின் சீரியல் சேவை இதைத்தான் செய்தது. அதை அழைக்கப் பயன்பட்டது ஹெக்ஸ் 14 என்ற மென்பொருள் இன்டரப்ட். பெயரில் இன்டரப்ட், உள்ளே நடப்பது சுத்தமான போலிங்! படிக்கிற காலத்தில் இந்தப் பெயரால் நானும் ஏமாந்திருக்கிறேன். பயாஸ் மூலமாகப் படித்துவிட்டு, வந்ததைத் திரையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள், வேகமான இணைப்பில் அடுத்த எழுத்து வந்து பழையதை அழித்திருக்கும்.

இன்டரப்ட் முறையில், சிப்பே சிபியுவைக் கூப்பிடுகிறது. நான்கு காரணங்களுக்காகக் கூப்பிடலாம்: வந்த எழுத்தில் பிழை, பைட் வந்தது, அனுப்பும் இடம் காலியானது, மோடம் கம்பிகளில் மாற்றம். முன்னுரிமையும் இதே வரிசையில்தான். இன்டரப்ட் ஐடென்டிஃபிகேஷன் என்ற ரெஜிஸ்டரைப் படித்தால் எதற்காகக் கூப்பிட்டது என்று தெரியும். பிசியின் சீரியல் போர்ட்டுகளுக்கு காம் என்றும், இன்டரப்ட் கம்பிகளுக்கு ஐஆர்க்யூ என்றும் பெயர். காம் 1 என்றால் ஐஆர்க்யூ 4, காம் 2 என்றால் ஐஆர்க்யூ 3. காம் 3 மறுபடியும் 4-ஐயும், காம் 4 மறுபடியும் 3-ஐயும் பயன்படுத்தும். மவுஸை காம் 1-இலும் மோடத்தை காம் 3-இலும் போட்டுவிட்டு, இன்டர்நெட் இணைப்புக் கிடைத்ததும் மவுஸ் உறைந்துபோய் நின்றதைப் பார்த்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், காரணம் இதுதான்.

இங்கே ஒரு சின்னக் கதை. டாஸ் காலத்தில் என் முதல் சீரியல் டிரைவரை எழுதினேன். இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டரில் பிட் போட்டாயிற்று. 8259 இன்டரப்ட் கன்ட்ரோலரில் ஐஆர்க்யூ 4-க்கான மறைப்பை எடுத்தாயிற்று. இன்டரப்ட் வந்தால் எங்கே போவது என்று சிபியு பார்க்கிற வெக்டரில், அதைக் கவனிக்கிற என் ரொட்டீனின் (குட்டி நிரல்) முகவரியையும் வைத்தாயிற்று. போலிங் போட்டுப் பார்த்தால் எழுத்து வருகிறது, ஆனால் இன்டரப்ட் மட்டும் வரவே இல்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் மோடம் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் அவுட் 2 என்று ஒரு பிட். பெயரைப் பார்த்தால் இன்டரப்ட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியாது. ஆனால் பிசியில் சிப்பின் இன்டரப்ட் கம்பி வெளியே போகிற வழியில் ஒரு கதவு இருக்கிறது, அதைத் திறப்பது இந்தப் பிட்தான். அதில் 1 போட்ட அடுத்த நொடி எழுத்துகள் கொட்டின. இன்றைக்கும் பிசியின் யூஆர்ட்டை நேரடியாகத் தொடுகிறவர்கள் பலர் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. பிசியில் அட்டைகளைச் செருகுகிற அந்தக் காலத்து ஐஎஸ்ஏ பஸ்ஸில் இன்டரப்ட் கம்பி தாழ்விலிருந்து உயருகிற அந்தக் கணத்தைத்தான் கன்ட்ரோலர் கவனிக்கும், உயர்ந்தே நின்றால் கவனிக்காது. ஒரு காரணத்தைக் கவனித்து முடிப்பதற்குள் இன்னொரு காரணம் எழுந்துவிட்டால் கம்பி கீழே இறங்கவே இறங்காது. இறங்காமல் மறுபடி உயர முடியாது, உயராவிட்டால் அடுத்த இன்டரப்ட் வராது. போர்ட் செத்த மாதிரி நிற்கும். அதனால் ரொட்டீனுக்குள் நுழைந்தால் "இனி எதுவும் பாக்கி இல்லை" என்று சிப் சொல்லும்வரை சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். கவனித்தீர்களா, இன்டரப்ட் ரொட்டீனுக்குள்ளேயே ஒரு குட்டி போலிங் உட்கார்ந்திருக்கிறது. நல்ல டிரைவர் எதைத் திறந்து பார்த்தாலும் இப்படித்தான் இரண்டும் கலந்திருக்கும். லினக்ஸில் நெட்வொர்க் அட்டைகளுக்கான நாப்பி முறையும் இந்த எண்ணத்தின் பெரிய வடிவம்தான்: முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட், கூட்டம் கூடிவிட்டால் இன்டரப்ட்டை அணைத்துவிட்டுப் போலிங்.

ஒரே குடம் என்ற பிரச்சினையைத் தீர்த்தது 16550ஏ. இதற்கு முன்பு வந்த 16550-இலேயே 16 பைட் வரிசை இருந்தது, ஆனால் அதில் பிழை இருந்ததால் பயன்படுத்த முடியவில்லை. ஏ சேர்ந்த சிப்தான் அதைச் சரிசெய்தது. 16 குடம் வைத்துக்கொள்ளலாம். எத்தனை நிறைந்ததும் குரல் கொடுக்க வேண்டும் என்பதை 1, 4, 8, 14 ஆகிய நான்கில் ஒன்றாக வைக்கலாம். 14 என்று வைத்தால் குறைவான தடவை கூப்பிடும், ஆனால் நீங்கள் ஓடி வருவதற்குள் நிறையக் காலிக் குடம் இரண்டுதான் மிச்சம். 8 என்று வைத்தால் அடிக்கடி கூப்பிடும், மிச்சம் எட்டு. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில், 1 முதல் 14 வரை நகர்த்துகிற ஒரு கைப்பிடி இருக்குமே, அது இதுதான். சரி, ஐந்து குடம் நிறைந்ததும் தண்ணீர் நின்றுபோனால்? எட்டாவது நிறையவே போவதில்லை, குரலும் வராது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நான்கு எழுத்து நேரம் எதுவும் வராமல், எடுக்காமல் கிடந்தால் சிப் டைம்அவுட் என்று ஓர் இன்டரப்ட் தரும். 9600 பாட் வேகத்தில் அது சுமார் நாலு மில்லிநொடி.

லினக்ஸ் டிரைவர் 16550ஏ-க்கு இயல்பாக வைப்பது 8. இந்த எட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 1245 இங்கிருந்துதான் வந்திருக்கலாம்.

போலிங் என்றாலே தாழ்ந்த சாதி மாதிரி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேனிக் ஆகும்போது, அதாவது மீள முடியாமல் நின்றுபோகும்போது, சீரியல் கன்சோலில் கடைசி வரிகளை எழுதுவது போலிங் முறையில்தான். அந்த நிலையில் இன்டரப்ட் ஓடும் என்று நம்ப முடியாது, எனவே சிப்பின் அனுப்பும் இடம் காலியா என்று பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளுகிறது. இயங்குதளத்தை ஏற்றிவிடுகிற பூட்லோடர்களும் அப்படித்தான். போர்டில் இன்டரப்ட் கம்பியே இணைக்கப்படவில்லை என்றால் லினக்ஸில் அந்தப் போர்ட்டுக்கு ஐஆர்க்யூ 0 என்று கொடுக்கலாம், டிரைவர் ஒரு டைமர் வைத்து அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்ளும். சின்ன மைக்ரோகன்ட்ரோலரில், முழுச் சுற்றும் இத்தனை மைக்ரோநொடிக்குள் முடியும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்ட முடிந்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு போலிங்தான் வைப்பேன். எப்போது எது நடக்கும் என்பது முழுக்க என் கையில் இருக்கும். இன்டரப்ட் வைத்தால் அது எந்த வரியின் நடுவே நுழையும் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் கெடும்.

அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பழகியவர்களுக்கு இதே குழப்பம் வேறு உருவில் வரும். லூப்புக்குள் சீரியல் அவைலபிள் என்று கேட்பதைப் பார்த்துவிட்டு இது போலிங் என்பார்கள். கேட்பது போலிங்தான், ஆனால் சிப்பையல்ல. பைட் வந்ததும் இன்டரப்ட் ரொட்டீன் அதை எடுத்து 64 பைட் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) போட்டுவிடுகிறது. நீங்கள் எட்டிப் பார்ப்பது அந்தப் பஃபரை. லூப்பில் 100 மில்லிநொடி டிலே ஒன்றைப் போட்டால் 9600 பாட் வேகத்தில் அதற்குள் 96 எழுத்து வந்துவிடும். 64-இல் எப்படி அடங்கும்? மீதி காற்றில்தான்.

உங்கள் நிரலிலும் இதே அடுக்கு. நிரலைப் பார்க்கவில்லை, ஆனால் நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் ஒரு முடிவில்லாச் சுற்று, அதற்குள் பைசீரியல் என்ற பைத்தான் நூலகத்தின் இன்_வெயிட்டிங் (காத்திருக்கிற பைட்டுகளின் எண்ணிக்கை) பூஜ்யத்துக்கு மேலா என்று ஒரு கேள்வி, ஆமாம் என்றால் இருப்பதையெல்லாம் படித்து அப்படியே எண்ணாக மாற்றித் திரையில் போடுவது. சிப்பிலிருந்து பைட்டை எடுத்துக் கெர்னலின் பஃபரில் போடுவதை டிரைவர் இன்டரப்ட்டில் செய்துவிடுகிறது. உங்கள் சுற்று அந்தப் பஃபரைப் போய் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை "வந்துச்சா, வந்துச்சா" என்று கேட்கிறது. வருவதோ 960 எழுத்து. சிபியு தீர்வது இதனால்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மருந்தும் எளிது. கேட்காமல் காத்திருங்கள். போர்ட்டைத் திறக்கும்போது டைம்அவுட் ஒரு நொடி என்று வைத்து, ஒரு பைட் படி என்று ரீட் அழையுங்கள். பைட் இல்லையென்றால் கெர்னல் உங்கள் நிரலைத் தூங்க வைத்துவிடும். லினக்ஸில் பைசீரியல் உள்ளே செலக்ட் என்ற அழைப்பில்தான் அப்படிப் படுத்துக்கொள்கிறது. பைட் வந்து இன்டரப்ட் அடித்ததும் கெர்னல் எழுப்பிவிடும். முதல் பைட் வந்ததும் கூடவே காத்திருப்பதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். நண்பர் சொன்ன "இன்டரப்ட் முறை" உங்கள் அடுக்கில் இந்த உருவில்தான் கிடைக்கும். சுற்றுக்குள் ஒரு ஸ்லீப் போட்டால் போதாதா என்பீர்கள். போதும், சிபியு குறையும். ஆனால் அது தூங்குகிற நேரத்தை நீங்கள் ஊகித்து வைப்பது. ரீட் என்றால் தேவையான நேரத்தில் தானே எழும்.

இப்போது காணாமல் போன இலக்கம். ஒரு ஊகத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் இன்டிகேட்டர் அனுப்புவது எஸ்டிஎக்ஸ் (தொடக்கக் குறி), கூட்டல் குறி, ஆறு இலக்கம், இடிஎக்ஸ் (முடிவுக் குறி) என்று 9 எழுத்து, இடைவெளி விடாமல் தொடர்ச்சியாக, என்று வைத்துக்கொள்வோம். எடை 012450. சிப் எட்டு எட்டாகத் தருகிறது. முதல் எட்டில் எஸ்டிஎக்ஸ், கூட்டல், 012450 முழுதாக வந்துவிட்டது, இடிஎக்ஸ் மட்டும் வெளியே. திரையில் 12450, சரியான எடை. இரண்டாவது எட்டில் போன தடவை விட்டுப்போன இடிஎக்ஸ், பிறகு எஸ்டிஎக்ஸ், கூட்டல், 01245. திரையில் 1245! மூன்றாவது எட்டில் விட்டுப்போன 0, இடிஎக்ஸ், எஸ்டிஎக்ஸ், கூட்டல், 0124. நீங்கள் எஸ்டிஎக்ஸுக்குப் பின்னால் வருவதை மட்டும் எண்ணாக்குகிறீர்கள் என்றால் 124. ஒவ்வொரு தடவையும் வெட்டு ஓர் எழுத்து முன்னால் நகர்கிறது. நீங்கள் எழுதியிருக்கிற 1245, 124 இரண்டும் இந்த மாதிரியில் அச்சாக வந்து விழுகின்றன. ஒரு பைட் கூடத் தொலையவில்லை. எல்லாம் வந்து சேர்ந்தன, வெட்டிய இடம்தான் தப்பு.

பன்னிரண்டரை டன் லாரி ஒன்றேகால் டன்னாகப் பதிவாகிறது என்றால் அது சில்லறைப் பிழை இல்லை, பில்லில் போய் நிற்கிற பிழை. சீரியல் என்பது ஒரு ஓட்டம். ஒரு ரீட்டில் எவ்வளவு வந்தது என்பதற்கு எந்தப் பொருளும் கிடையாது. அதைத் தீர்மானிப்பது சிப்பின் வரிசையும் டைம்அவுட்டும் கெர்னலின் அப்போதைய மனநிலையும். வருவதையெல்லாம் உங்களுடைய ஒரு பஃபரின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போங்கள். அதில் எஸ்டிஎக்ஸ் தொடங்கி இடிஎக்ஸ் வரை முழுதாக ஒன்று இருந்தால் மட்டும் வெட்டி எடுங்கள். நீளம் சரியாக 9 இல்லையென்றால் தூக்கி எறியுங்கள். போர்ட்டைத் திறந்ததும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் பாதி வரிதான், அதையும் எறியுங்கள். செக்சம் (எழுத்துகள் கெடாமல் வந்தனவா என்று பார்க்க உதவுகிற கூட்டுத்தொகை) அனுப்புகிற இன்டிகேட்டர் என்றால் மெனுவில் அதை இயக்கிவிட்டு அதையும் சரிபாருங்கள்.

மேலே சொன்ன எட்டுக் கணக்கு மதர்போர்டிலேயே இருக்கிற சீரியல் போர்ட்டுக்குத்தான். உங்களுடையது யூஎஸ்பி கன்வர்ட்டர் என்றால் கதை மாறும், முடிவு மாறாது. யூஎஸ்பியில் எந்தச் சாதனமும் தானாக வாய் திறக்க முடியாது, ஹோஸ்ட் கேட்டால்தான் பதில். கீபோர்டும் மவுஸும் பயன்படுத்துகிற இன்டரப்ட் டிரான்ஸ்ஃபர் என்பதும் குறித்த இடைவெளியில் ஹோஸ்ட் போய்க் கேட்பதுதான். பெயர் வைத்தவர்களுக்கு நம்மைக் குழப்புவதில் என்ன சந்தோஷமோ. கேட்கிற வேலையைச் செய்வது ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்ற வன்பொருள், சிபியு அல்ல, அதனால் சிபியுவுக்குச் சுமையில்லை. எஃப்டிடிஐ கம்பெனியின் சிப் உள்ள கன்வர்ட்டரில் லேட்டன்சி டைமர் என்று ஒன்று உண்டு, இயல்பான அளவு 16 மில்லிநொடி. பாக்கெட் நிறையாவிட்டால் அவ்வளவு நேரம் சேர்த்து வைத்துவிட்டு அனுப்பும். 9600 பாட் வேகத்தில் அது சுமார் 15 எழுத்து. அதாவது ஒரு முழு எடையும் அடுத்ததில் பாதியும் ஒரே கட்டாக வந்து விழும். ஒரு கேள்வி, ஒரு பதில் என்று பேசுகிற கருவிகளுக்கு இந்த 16 மில்லிநொடி பெரிய தலைவலி, 1 என்று குறைத்துவிடலாம். உங்களுக்கு அது தேவைப்படாது.

நண்பர் சொன்ன போலிங் வேறு ஒன்றாகவும் இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எடை இன்டிகேட்டர்களின் மெனுவில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று, எடையைத் தொடர்ச்சியாகக் கொட்டிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, கம்ப்யூட்டர் ஓர் எழுத்தை அனுப்பிக் கேட்டால் மட்டும் ஒருமுறை சொல்வது. இந்த இரண்டாவதையும் சில கையேடுகள் போலிங் என்றே அழைக்கும். சிப்பின் இன்டரப்ட்டுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் எடை மேடைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். தொடர்ச்சியாகக் கொட்டுகிற முறையில் இன்னோர் ஆபத்து உண்டு: உங்கள் நிரல் டேட்டாபேஸில் எழுதுகிறேன், பிரிண்டருக்கு அனுப்புகிறேன் என்று நாலு நொடி நின்றுவிட்டால், அந்த நேரத்து எடைகளெல்லாம் கெர்னலின் பஃபரில் வரிசையாகக் காத்திருக்கும். லினக்ஸில் சீரியல் போர்ட்டுகளைக் கவனிக்கிற டிடிஒய் பகுதியின் பஃபர் 4096 பைட். 9600 பாட் வேகத்தில் நாலு நொடிக்கு மேல் தாங்கும். திரும்பி வந்து நீங்கள் படிப்பது நாலு நொடிக்கு முந்தைய எடை. லாரி இறங்கிப் போயிருக்கும், திரையில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். கொட்டுகிற முறையிலேயே தொடர வேண்டுமென்றால், படிப்பதற்கென்றே தனி த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடுகிற கிளை) வைத்து, கடைசியாக வந்த முழு எடையை மட்டும் ஒரு மாறியில் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இலக்கம் தப்பினால், உண்மையிலேயே பைட் தொலைகிறது அல்லது கெடுகிறது. அப்போது ஊகிக்காமல் எண்ணிப் பாருங்கள். லினக்ஸில் ப்ராக் அடைவுக்குள் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் சீரியல் என்ற கோப்பை ரூட் உரிமையோடு திறந்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எத்தனை பைட் வந்தது என்ற கணக்கு இருக்கும். பிழை நேர்ந்திருந்தால் ஓஇ, எஃப்இ என்ற எண்களும் இருக்கும். ஓஇ என்பது ஓவர்ரன், எஃப்இ என்பது ஃபிரேமிங். மதர்போர்டு போர்ட்டுக்குத்தான் இது. யூஎஸ்பி கன்வர்ட்டர்களின் கணக்கு இதில் வராது. விண்டோஸில் கிளியர்காம்எர்ரர் என்ற அழைப்பு ஓவர்ரன்னையும், மேலடுக்கு பஃபர் நிறைந்துபோனதையும் தனித்தனியாகவே சொல்லும்.

இந்த எண்கள் என் வயிற்றில் பால் வார்த்த நாள் ஒன்று உண்டு. ஒரு நெல் அரவை ஆலையில் இதே மாதிரி புகார். என் நிரல்தான் சரியில்லை என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். போய்ப் பார்த்தால் ஓஇ பூஜ்யம், எஃப்இ மட்டும் முந்நூறைத் தாண்டி நிற்கிறது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் தயங்கித் தயங்கி, "சார், ஹஸ்கர் மோட்டார் போடுற நேரம்தான் இப்படி ஆகுது" என்றார். மோட்டாரைப் போடச் சொன்னேன், எஃப்இ பதினொன்று ஏறியது. சீரியல் கேபிளையும் மோட்டாரின் பவர் கேபிளையும் ஒரே குழாயில் நாற்பது அடிக்கு இழுத்திருந்தார்கள், ஷீல்டு எந்தப் பக்கமும் கிரவுண்ட் செய்யப்படவில்லை. கேபிளைத் தனியாக இழுத்த பிறகு எண் நின்றுபோனது. நிரலில் ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை.

ஆகவே நாளைக்கு முதலில் ரீட்டையும் வரி வெட்டுவதையும் திருத்துங்கள். உங்கள் புகாரில் முக்கால்வாசி அதிலேயே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மதர்போர்டு போர்ட்டா கன்வர்ட்டரா என்பதையும், ஓஇ, எஃப்இ எண்கள் கிடைத்தால் அவற்றையும் இங்கேயே எழுதுங்கள். ஓஇ ஏறியிருந்தால் டிரைவர் பக்கம் போய்ப் பார்ப்போம். எஃப்இ ஏறியிருந்தால் என்னைவிட உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன்தான் உங்களுக்கு உதவுவார்.